விருந்துக் கறிக்கு ருசி மசாலாவுலயா, பக்குவத்துலயா? "பக்குவத்துலதான்" அணிக்காக நான் பேசினது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில மூக்கைத் துளைக்கிற மாதிரி பேசிட்டு உக்காந்திருக்கிற அக்காவுக்கும், சாப்பாட்டு நேரத்துல சாப்பாட்டைப் பத்தியே பேச விட்டு வேடிக்கை பாக்குற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

அக்கா என்ன சொன்னாங்க, "மசாலா இல்லாத கறியை நாய்கூட மோந்து பாத்துட்டு போயிடும்"னு சொன்னாங்க. அக்கா, நாய்க்கு வெறுங்கறிதான் உசுரு. அந்த விஷயத்துல நாய் நம்ம அணி, அதுக்கும் சேத்து ஒரு மார்க் எழுதிக்கோங்க ஐயா.

மசாலாவே வேணாம்னு நாங்க சொல்ல வரல. மசாலா கறி போட்டுக்குற சட்டை, அவ்வளவுதான். சட்டை மட்டும் நல்லா இருந்தா போதும்னா துணிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மையைத்தான் கல்யாணம் பண்ணிக்கணும்.

நானும் ஒரு காலத்துல அக்கா கட்சிதான், அத மறைக்கல. ஒரு பண்டிகைக்கு வீட்டுல 12 பேர் சாப்பாடு, 3 கிலோ ஆட்டுத் தொடை எலும்போட முழுசா வாங்கியாச்சு, நான் 14 சாமான் வறுத்து அரைச்சு, அரைக்கும்போதே தெருவே தும்முற அளவுக்கு அரைச்சு, காலையில ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த கறி மேல கொஞ்சமா உப்பு சேத்து சிமெண்ட் பூசுற மாதிரி பூசி மதியம் ஓவன்ல வச்சுட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தா மேல கருகருன்னு, வாசனை அள்ளுது, எல்லாரும் தட்டோட ரெடி. முதல் துண்டு வெட்டினேன், பிரமாதம். ரெண்டாவது துண்டு வெட்டினேன், உள்ள சாம்பல் கலர்ல, உப்பும் இல்ல உறைப்பும் இல்ல, ஈரத் துணியை மென்ன மாதிரி. எலும்புக்கிட்ட கத்தி போனப்ப கத்தி முனை சில்லுனு இருந்துச்சுங்க, உள்ள இன்னும் ஐஸ்! பெரியப்பா ஒண்ணுமே சொல்லல, தட்டை நீட்டி "மேல இருக்கிறதை மட்டும் எனக்கு சுரண்டிப் போடுடா"ன்னார். பண்டிகை அன்னைக்கு ஒரு மனுசன் சுரண்டித் திங்கிற நெலமை.

14 சாமான் இருந்துச்சே ஐயா, ஏன் காப்பாத்தல? முதல்ல ஐஸ் கணக்கைச் சொல்றேன். உறைஞ்ச கறியை ஃப்ரிட்ஜ்லயே வச்சு இளக விடணும், ரெண்டு கிலோவுக்கு சுமாரா ஒரு நாள் பிடிக்கும், அப்ப என் 3 கிலோ தொடைக்கு ஒன்றரை நாள், நான் குடுத்தது ஒரு காலைப்பொழுது. இதுக்கு எந்த மசாலாவுல மருந்து இருக்கு?

அடுத்தது உப்பு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு எல்லாரும் சொல்றோம், ஆனா எப்ப போடணும்னு யாரும் சொல்றதில்ல. கறியில முக்கால்வாசி தண்ணிதான். உப்பைத் தடவின கொஞ்ச நேரத்துல கறி வேர்த்துக் கொட்டும், "ஐயோ சாறெல்லாம் போச்சே"ன்னு டென்ஷன் ஆகக்கூடாது, விட்டு வைங்க, அந்தத் தண்ணியிலயே உப்பு கரைஞ்சு மறுபடி கறிக்குள்ள திரும்பிப் போகும், போய் உள்ள இருக்கிற புரதத்தை கொஞ்சம் தளர்த்தி விடும், அதனால வேகும்போது இறுகிப் பிழியாம தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். கிலோவுக்கு 10லேர்ந்து 15 கிராம் தூள் உப்பு, எலும்பு நிறைய இருந்தா குறைச்சுக்கோங்க, முதல் நாள் ராத்திரியே தடவி ஃப்ரிட்ஜ்ல வச்சிடணும், முழுத் தொடை மாதிரி பெருசுன்னா ரெண்டு நாள் முன்னாடியே. கல்லுப்பை ஸ்பூன்ல அளக்காதீங்க, ஒரே ஸ்பூன்ல தூள் உப்பு எடை கூடுதலா நிக்கும், தராசுல போடுங்க.

இங்கதான் எதிரணியோட பெரிய அஸ்திரம் வருது. "ராத்திரி பூரா ஊறினா மசாலா எலும்பு வரைக்கும் இறங்கும்." இறங்காது! மசாலாவோட மணம் பெரும்பாலும் எண்ணெயில கரையிற சரக்கு, கறியோ தண்ணி மயம், மேல சில மில்லிமீட்டரோட அது நின்னுடும். ஊறவச்ச கறியை நடுவுல வெட்டிப் பாருங்க, மஞ்சளும் சிவப்பும் ஓரத்துல கோடு போட்ட மாதிரி நிக்கும். உள்ள ஆழமா போறது அந்த மசாலாவுல கலந்திருந்த உப்பு. வேலை செஞ்சது உப்பு, பேர் வாங்கினது மசாலா. ஆபீஸ் போறவங்க யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்.

எலுமிச்சை, பப்பாளிக்காய் பத்தியும் பேசினாங்க. புளிப்பும் மேலோடதான் வேலை செய்யும், ராத்திரி பூரா எலுமிச்சைச் சாறுல போட்டா ஓரம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து வறண்டு போகும். பப்பாளிக்காய்ல இருக்கிற பப்பாயின்ங்கிற நொதி கறி நாரை அறுக்குறது நிஜம், ஆனா நேரம் தவறுச்சுன்னா மேல கூழு உள்ள ரப்பர். அன்னாசியும் அதே ஜாதிதான், ஆனா டின்ல வர்ற அன்னாசியை நம்பி ஊறவைக்காதீங்க, சூடு பண்ணி அடைச்சதால அதுல அந்தச் சக்தி செத்துப் போயிருக்கும்.

ஒண்ணு ஒத்துக்கிறேன். சின்னச் சின்னத் துண்டா, மெலிசா போட்டா அக்கா சொல்றது முக்கால்வாசி சரி, ஏன்னா அப்ப கறியே பூரா மேல்பக்கம்தான். ஆனா மெலிசாப் போட்டது யாரு? கத்தி. கத்தி என்ன மசாலா டப்பாவுலயா இருக்கு? நார் ஓடுற திசைக்குக் குறுக்க வெட்டினா வாயில கரையும், நாரோட வெட்டினா பல் குத்தத்தான் நேரம் சரியா இருக்கும்.

இப்ப அந்த வாசனை. "அடுப்புல கறி முறுகுற வாசனையே மசாலா வாசனைதான்"னு ரெண்டாவதா பேசின தம்பி சொன்னாரு. தம்பி, வெறும் உப்பு போட்ட கறியும் முறுகினா மணக்கும், அது புரதமும் சக்கரையும் சூட்டுல சேந்து பண்ற மாயம், 1912லயே மெய்யார்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர் எழுதி வச்சுட்டாரு. அது மளமளன்னு நடக்க மேல் பக்கம் 140 டிகிரியாவது ஏறணும், ஆனா மேல தண்ணி நின்னுச்சுன்னா 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது, அவிஞ்சுதான் போகும். அதனால டிஷ்யூ வச்சு ஒத்தி எடுங்க, முடிஞ்சா ராத்திரி ஃப்ரிட்ஜ்ல அடித்தட்டுல மூடாம வைங்க. சொதசொதன்னு விழுது பூசினா தண்ணி வத்துறதுக்குள்ள பூண்டு கருகிடும்.

"மேல முறுக விட்டா சாறு உள்ளயே பூட்டிக்கும்"னும் சொன்னாரு. இது 19ஆம் நூற்றாண்டுல லீபிக்ங்கிற ஜெர்மன் வேதியியல்காரர் கிளப்பி விட்டது, தப்புன்னு எப்பவோ முடிவாயிடுச்சு. முறுகின கறியை சட்டியில போட்டுக் காதை வச்சுக் கேளுங்க, சொர்ருன்னு கேக்குதா, அது வெளியில வர்ற தண்ணிதான். பூட்டின வீட்டுலேர்ந்து ஆள் வந்துட்டே இருந்தா அது என்ன பூட்டு?

வெந்துச்சா வேகலையான்னு பாக்குறதுலயும் மசாலா நமக்கு எதிரி ஐயா, கலரை மறைச்சிடும். தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க, எலும்பைத் தொடாம நடுவுல குத்துங்க. கோழி 74 டிகிரி, கொத்துக்கறி 71, ஆடு மாடு முழுத்துண்டுன்னா 63 வந்து 3 நிமிசம் நிக்கணும். (பச்சைக்கறி ஊறின மிச்ச மசாலாவை கொதிக்க விடாம மேல ஊத்துறவங்க இந்த சபையில இருந்தா இன்னையோட நிறுத்திடுங்க.)

முன்னங்கால், சப்பைக் கறிக்கு 63ல வேலை முடியாது, அதுல ஜவ்வு ஜாஸ்தி, 80 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்குல மெதுவா வேகணும், அப்பதான் ஜவ்வு உருகி வழவழன்னு வரும்.

அப்புறம் ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலைன்னு நம்ம ஆளுங்க சொல்லி வச்சது இந்தக் கறிக்குத்தான்னு நினைக்கிறேன். அடுப்புலேர்ந்து எடுத்ததும் வெட்டினா சாறு பலகையில ஓடும். பெரிய துண்டுன்னா 20 நிமிசம் விடுங்க, உள்ள சூடு இன்னும் சில டிகிரி ஏறும், அதையும் கணக்குல வச்சு முன்னாடியே எடுத்துடணும்.

அடுத்த வருசம் அதே 3 கிலோ தொடை, அதே 12 பேர். இந்தத் தடவை நாலு நாள் முன்னாடியே இளக வச்சு, ரெண்டு நாள் முன்னாடி தராசுல உப்பு நிறுத்துத் தடவி, அரைக்கல, வறுக்கல, கடைசியில மிளகு மட்டும். எடுத்து 20 நிமிசம் யாரையும் கிட்ட விடாம கத்தியை ஒளிச்சு வச்சேன். வெட்ட ஆரம்பிச்சதும் போன வருசம் சுரண்டித் தின்ன பெரியப்பா தட்டை நீட்டினாரு, நான் பழக்கதோசத்துல மேல் துண்டை எடுத்து வைக்கப் போனேன். "அதை உங்க அத்தைக்குப் போடு, எனக்கு எலும்பு ஓரமா குடு"ன்னாரு.

வணக்கம்.