பூனை கண்ணை மூடினால்

மதிப்பிற்குரிய ஒன்றியத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, பொன்னாடை கொடுத்து உதவிய ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே, காலையிலிருந்து பழைய பாட்டாகப் போட்டு அசத்தும் மைக்செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் நன்றியுரையில் சேர்த்துவிடுவார்கள், கோபம் வேண்டாம்.

1950களின் இளைஞர்களும் சினிமாப் பாட்டும் என்பது தலைப்பு. வானொலி, இசைத்தட்டு, அப்புறம் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம் என்று மூன்றையும் பேசப்போகிறேன்.

1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டென்றாலே ஆகாது. சாஸ்திரிய சங்கீதத்தால் நாட்டின் ரசனையைத் திருத்திவிடலாம் என்று நம்பியவர். அகில இந்திய வானொலியில் அந்தப் பாட்டுக்கான நேரத்தை வெட்டினார், தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றி ஒருகட்டத்தில் பாட்டே நின்றுபோனது. நான் எந்த மேடையிலும் சொல்வதுதான்: பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா? போர்க்காலத்தில் படைகளுக்காக நிறுவிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர் கொழும்புப் பக்கம் இருந்தது. பையன்கள் ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள், அதிலிருந்து இலங்கை வானொலி வந்தது. அறிவிப்பாளர் என்றால் இந்திக்கு அமீன் சயானி, நமக்கு மயில்வாகனன்.

எங்கள் மாமா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் ரேடியோ கிடையாது, டீக்கடைதான் கதி. ஒரு டீயை வாங்கி நாலு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கடைக்காரர் சும்மா இருப்பாரா, வேண்டுமென்றே சத்தத்தைக் குறைப்பாராம், இவர்கள் ஆளுக்குக் காலணா போட்டு ஒரு வடை வாங்கியதும்தான் கூட்டுவாராம். ஒருநாள் இந்தக் கூட்டம் கொழும்புக்கு ஒரு காதல் பாட்டுக் கேட்டுக் கடிதம் எழுதியது, நாலு பேர் பெயரையும் போட்டுக் கடைசியில் குறும்புக்கு ஹெட்மாஸ்டர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். கடைத்தெருவே கேட்க அந்தப் பெயரையும் வாசித்தார்கள்! மறுநாள் பிரம்போடு வகுப்புக்கு வந்த ஹெட்மாஸ்டர், நாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, வெகுநேரம் முறைத்துவிட்டுக் கேட்டாராம்: "பாட்டு பாதியில கரகரன்னு போயிடுச்சு, மறுபடி எப்போடா போடுவான்?"

1957 அக்டோபர் 3-ஆம் தேதி அதே கேஸ்கர் காலத்திலேயே, சினிமாப் பாட்டும் போடும் அகில இந்திய வானொலிச் சேவையான விவித் பாரதி தொடங்கியது. பூனை கண்ணைத் திறந்துவிட்டது.

சரி, இசைத்தட்டு. தலைவர் மணியைப் பார்க்கிறார், அதனால் பாட்டுப் புத்தகத்தை இன்னொரு நாளைக்கு வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் நூலக மாடி அறை பூட்டியே கிடக்கிறது. ஊரில் பரண்மேல் கிடக்கும் இசைத்தட்டுகளைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு வாங்கிப் போகிறார். அந்த அறையில் ஒரு பிளேயர், நாலு பெஞ்சு, ஒரு அலமாரி, இவ்வளவுதான் நாங்கள் கேட்பது. பாட்டுக் கேட்டால் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று ஒருவர் மனு எழுதியிருக்கிறாராம். பூனை கதைதான், வேறென்ன! அறையைக் கேட்கும் நம் மனுத்தாள் வாசல் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போடாமல் யாரும் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். ஒன்றியத் தலைவர் முதல் கையெழுத்துப் போடுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவித்துவிடுகிறேன்.