நடுவர் காலில் என்ன போட்டிருக்கிறார்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எனக்கு ஊர். பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். சனி, ஞாயிறு என்றால் கால்பந்துக்கோ வாலிபாலுக்கோ விசில் ஊதப் போய்விடுவேன். வண்ணாமடை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று கேரள, தமிழக எல்லையோரத்து மைதானங்கள் எல்லாம் என் கால் பட்டவை. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் மலையாளத்தில் "மாஷே" என்பார், அந்தப் பக்கம் நிற்பவர் "ஏனுங்க சார்" என்பார். இன்றைக்கு நடுவர்களின் உடுப்பைப் பற்றி, அதிலும் அவர்கள் காலில் போடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். கேரளம் என்றதும் செம்மண்ணும் சரளைக்கல்லும்தான் வெளியூர்க்காரர்கள் நினைவுக்கு வரும். சித்தூர் தாலுகாவின் கிழக்கே எங்கள் பக்கம் கரிசல் மண். வெயில் காலத்தில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கால் சிக்கினால் கணுக்கால் பிசகிவிடும். ஒரு மழை பெய்தால் போதும், அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் செங்கல் கட்டியதுபோலக் கனக்கும்.

அப்படி ஒரு மழைக்கு மறுநாள் நடந்த இறுதி ஆட்டத்தைச் சொல்கிறேன். நான் போட்டிருந்தது அடி வழவழப்பான கேன்வாஸ் ஷூ. கோட்டு நடுவராக வர வேண்டியவர் வரவில்லை. கமிட்டிக்காரர்கள் கூட்டத்திலிருந்து ஒரு தம்பியைக் கூப்பிட்டுக் கையில் கொடியைக் கொடுத்துவிட்டார்கள். அவன் காலில் ரப்பர் செருப்பு. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு நீளமான பந்து விழுந்தது. ஓடினேன், கால் வரவில்லை. கோல் கம்பத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நிற்கிறேன். அந்தத் தம்பிக்கோ செருப்பின் வார் அறுந்து, குனிந்து நிற்கிறான். பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு மேல் விழுந்தது, கோல்கீப்பர் வாரி எடுத்துவிட்டான். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் கோல். தாண்டியதா? நான் இருந்த இடத்திலிருந்து பார்க்க முடியவில்லை. கோல் என்று ஊதினேன்.

அந்த முடிவு சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தோற்ற அணியின் கோல்கீப்பர் சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் ஷூவைப் பார்த்தான், போய்விட்டான். பதினாறு வயதுப் பையன். அடுத்த வாரமே கோயம்புத்தூர் போய் அடியில் ரப்பர் குமிழ் வைத்த கால்பந்து பூட் வாங்கினேன். அன்று எனக்குக் கிடைத்த படிப்பணத்தைப்போல மூன்று மடங்கு விலை.

தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு நடுவர் சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் வரை நகர்கிறார். ஆட்டக்காரருக்கு மாற்று ஆள் வரலாம், நமக்கு வர மாட்டார். ஆனால் நல்ல பூட் என்றவுடன் இரும்பு ஆணி வைத்ததை வாங்கிவிடாதீர்கள். எங்கள் ஊர்ச் சின்னப் பையன்கள் இன்றும் அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்து ஆடி 2-1 என்று தோற்றார்கள். இப்போதைய கால்பந்து விதிப்படி ஆட்டக்காரருக்குக் காலணி கட்டாயம். வயலில் ஆடும் பையனுக்கு அதை யார் வாங்கித் தருவது? வெறுங்கால் பையன்களுக்கு நடுவே இரும்பு ஆணியோடு ஓடும் நடுவரைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதைக்கும். ஒரு மிதி போதும், விரல் போய்விடும். அந்த ஆட்டத்துக்கு ரப்பர் குமிழ் போதும்.

வாலிபாலில் இதற்கென்றே விதி உண்டு. முதல் நடுவர் அனுமதித்தால் ஆட்டக்காரர் வெறுங்காலோடு ஆடலாம். ஆனால் நடுவர் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். முதல் நடுவர் வலைக்கு மேலே கண் தெரியும் உயரத்தில் இரும்பு மேடையில் நிற்கிறார். நிற்பதுதானே என்று ஹவாய் செருப்போடு ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வியர்வைக் காலில் வழுக்கி, கம்பியில் தாடை இடித்து இரத்தம் வந்த ஒருவரை நான்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டாம் நடுவர் கம்பத்தின் ஓரமாக இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டே நடுக்கோட்டில் யார் கால் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும், அவருக்கும் பிடிமானம் உள்ள ஷூ வேண்டும். மரத்தளம் போட்ட உள்ளரங்கம் என்றால் தரையில் கறை விடாத அடிப்பாகம். கூடைப்பந்தில் நடுவருக்குக் கறுப்புக் கால்சட்டை, கறுப்பு சாக்ஸ், கறுப்புக் கூடைப்பந்து ஷூ என்று சர்வதேச விதிப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது.

சட்டையின் நிறத்துக்கு வருகிறேன். கால்பந்து நடுவர் என்றால் வெகுகாலம் கறுப்புதான். 1994 உலகக் கோப்பையில்தான் நடுவர்கள் கறுப்பை விட்டு வேறு நிறங்களில் இறங்கினார்கள். பாலக்காட்டு வெயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும். கறுப்புச் சட்டையோடு நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த மாற்றத்தின் அருமை தெரியும். நிறத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் லாயிட் ஓல்ட்ஸ் என்ற நடுவர் வெள்ளைச் சட்டையோடு விளையாட்டு நடத்தியபோது, வெள்ளை உடுத்திய அணியின் ஆட்டக்காரர் அவரையே தம் ஆள் என்று எண்ணிப் பந்தைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவர் தைத்துக்கொண்டதுதான் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் சட்டை. நூறு வருடக் கதை. அதே கதை எனக்கும் வேலந்தாவளத்தில் நடந்தது. இரண்டு அணியில் ஒன்று கறுப்பில் வந்தது, என்னிடம் மாற்றுச் சட்டை இல்லை. ஒரு பையன் அழகாக என் காலுக்குப் பாஸ் கொடுத்தான். "உங்களை எங்க ஆளுன்னு நெனச்சுட்டேனுங்க சார்" என்றான், கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அப்போதெல்லாம் பந்து நடுவர் மேல் பட்டாலும் ஆட்டம் தொடரும். 2019-ல் விதி மாறியது: நடுவர் மேல் பட்ட பந்து எதிரணிக்குப் போனாலோ, நேராகக் கோலுக்குள் போனாலோ, ஒரு நல்ல தாக்குதலுக்கு வழி விட்டாலோ ஆட்டத்தை நிறுத்திப் பந்தைத் தரையில் போட்டுத் தொடங்க வேண்டும். வேலந்தாவளத்து ஆட்டத்திலிருந்து என் பையில் எப்போதும் இரண்டு நிறச் சட்டை.

சட்டையை உள்ளே விட்டுக் கட்டுங்கள் என்று நான் இளம் நடுவர்களிடம் சொன்னால், பழைய வாத்தியாரின் கண்டிப்பு என்று நினைக்கிறார்கள். ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விசில் சத்தத்தையே கொண்டுபோய்விடும். கைச்சாடைதான் துணை. சட்டை பாய்மரம்போலப் புடைத்தால் கை எங்கே காட்டுகிறது என்று எதிர்க்கோடியில் நிற்பவனுக்குத் தெரியாது.

பெண் நடுவர்களைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 2022 டிசம்பர் 1-ஆம் தேதி, கோஸ்டாரிகாவும் ஜெர்மனியும் மோதிய ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டத்தை பிரான்சின் ஸ்டெஃபானி ஃபிராப்பார் நடத்தினார். அந்த இரவு நான் தூங்கவில்லை. அதே காலத்தில் என்னிடம் படித்த ஒரு பெண், நன்றாக ஓடுவாள், விதிகளை ஒப்பிப்பாள், அவளுக்கு ஒரு போட்டியில் கொடுத்த சட்டை ஆண்களுக்குத் தைத்த பெரிய அளவு. தோள் முழங்கைக்கு இறங்கியிருந்தது. தோளில் ஊக்குக் குத்திக்கொண்டு நின்றாள். இன்னொரு இடத்தில் சேலை கட்டி வரச் சொன்னார்கள். சேலை நல்ல உடைதான், பரிசு கொடுக்கும் மேடைக்கு. ஓட வேண்டிய ஆளுக்கு ஓடுகிற உடுப்பைக் கொடுங்கள்.

கமிட்டிக்காரர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கோப்பைக்கும் ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மூன்று நடுவருக்கும் இரண்டு நிறத்தில் சட்டை, அவரவர் அளவில். காலணி வாங்க வசதி இல்லாத கோட்டு நடுவருக்கு ஒரு ஜோடி பூட். அவரிடம் முன்கூட்டியே கால் அளவைக் கேட்டு வையுங்கள். மழை பெய்திருந்தால் மைதானத்து ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நாலு குச்சியும் வைத்துவிடுங்கள். இடைவேளையில் பூட்டின் குமிழ்களுக்கு நடுவே அடைத்த கரிசலை நோண்டி எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். வேப்பங்குச்சி நல்லது, உடையாது.

வணக்கம்.