ஸ்டாஃபர்ட் தேறுவாரா?

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. நாம் பழகிய, காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை இது. இரு முனையும் கூரான பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். அப்படியே போய் எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்க்க வேண்டும்; அதற்குப் பெயர் டச்டவுன். அநேகமாக ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் என்கிற ஒருவர் கைக்குத்தான். அதை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். அதற்குள் நூற்று முப்பது கிலோ எடையுள்ள ஆட்கள் அவரைச் சாய்க்க ஓடி வருவார்கள். ஆகவே, ஓர் அணி புதிதாக ஒரு குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்தால் அந்த ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஆள் தேறுவாரா, மாட்டாரா என்று.

2021 ஜனவரி கடைசியில் அப்படி ஒரு பேச்சு எழுந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, டெட்ராய்ட் லயன்ஸ் அணியிடமிருந்து மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கியது. அதற்குக் கொடுத்த விலை பெரியது. தன்னிடம் இருந்த குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபைக் கொடுத்தது. புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2022, 2023 ஆண்டுகளுக்கான முதல் சுற்று வாய்ப்புகளையும், 2021க்கான மூன்றாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்தது. ஸ்டாஃபர்டுக்கு அப்போது 33 வயது ஆகப்போகிறது. காஃபுக்கு 26.

நான் சில ஆண்டுகள் டெட்ராய்ட் பக்கம் வேலை பார்த்தவன். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் யாரும் யாரிடமும் லயன்ஸ் என்ன ஆனது என்று கேட்க மாட்டார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். எனக்குப் பக்கத்து மேசைக்காரர் ஒன்பதாம் எண் போட்ட நீலச் சட்டை ஒன்றை நாற்காலி முதுகில் மாட்டியே வைத்திருப்பார். அது ஸ்டாஃபர்டின் எண். எத்தனை முறை தோற்றாலும் அந்தச் சட்டையை அவர் எடுத்ததில்லை. ஆகவே இந்த வழக்கில் நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

சந்தேகப்பட்டவர்கள் சொன்னது இதுதான். 12 ஆண்டு டெட்ராய்ட்டில் ஆடினார். பருவ முடிவில் தேறிய அணிகள் மட்டும் மோதும் பிளே-ஆஃப் போட்டி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. மூன்று முறை போனார், மூன்றிலும் தோல்வி. 2019இல் முதுகெலும்பில் அடிபட்டுப் பாதிப் பருவம் உட்கார்ந்திருந்தார். எறிவது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஜெயிக்கத் தெரியவில்லையே என்றார்கள்.

கணக்கு சரிதான். ஆனால் அது யாருடைய கணக்கு? அந்த மூன்று போட்டியும் எதிரணியின் ஊரில் நடந்தவை: நியூ ஆர்லியன்ஸ், டாலஸ், சியாட்டில். டாலஸ் போட்டியில் லயன்ஸ் 20-7 என்று முன்னிலையில் இருந்தது. நான்காம் கால்பகுதியில் நடுவர்கள் டாலஸ் அணிமீது ஒரு தவறை அறிவித்துவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கடைசியில் 24-20 என்று தோல்வி. இன்னொன்றும் உண்டு. 2013 நவம்பரிலிருந்து 2018 செப்டம்பர் வரை, பந்தோடு ஓடி ஒரே போட்டியில் 100 கஜம் எடுத்த ஆள் ஒருவர்கூட லயன்ஸ் அணியில் இல்லை. ஓட ஆளில்லாத அணியில் எல்லா பாரமும் எறிகிறவர் தோளில்தான் விழும். எதிரணிக்கும் அது தெரியும்.

அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று எனக்குக் காட்டியது 2009 நவம்பரில் நடந்த ஒரு போட்டி. அவர் சேர்வதற்கு முந்தின ஆண்டு லயன்ஸ் 16 போட்டியில் 16ஐயும் தோற்றிருந்தது. வந்தவருக்கு வயது 21. கிளீவ்லாண்ட் அணியோடு ஆட்டம். 37-31 என்று பின்தங்கியிருக்கிறார்கள், நேரம் முடிகிறது. நீண்ட எறிதல் ஒன்றை விட்டெறிந்த நொடியில் அவரைத் தரையில் மோதித் தள்ளினார்கள். இடது தோள் கழன்றுவிட்டது. எதிரணி தவறு செய்ததால் நேரம் முடிந்த பிறகும் ஒரே ஒரு முயற்சி கிடைத்தது, எல்லைக்கு ஒரு கஜம் முன்னால். மருத்துவர்கள் அவரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்க, மாற்று ஆள் உள்ளே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து கிளீவ்லாண்ட் இடைவேளை கேட்டது. இவர் மருத்துவர்களை உதறிவிட்டு உள்ளே ஓடினார். இடது கை தொங்குகிறது, வலது கையால் எறிந்தார். டச்டவுன். 38-37. தேறுவாரா என்று 2021இல் கேட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் 12 ஆண்டுக்கு முன்னாலேயே அங்கே இருந்தது.

சரி, ராம்ஸ் அணிக்கு ஏன் இவர் தேவைப்பட்டார்? அந்த அணியின் பயிற்சியாளர் ஷான் மெக்வே. பயிற்சியாளர் பேசுவது குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் கேட்கும். முயற்சியைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அந்தக் குரல் நின்றுவிடும். அதற்கப்புறம் எதிரணி நிலையை மாற்றிக்கொண்டால், களத்தில் நிற்பவர்தான் தனியாகப் பார்த்துத் திருத்த வேண்டும். அந்த இடத்தில் காஃப் தடுமாறுகிறார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குறை. 2019 பிப்ரவரியில் அவர் ராம்ஸை சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். அதில் அணி எடுத்தது மூன்றே புள்ளி, 13-3 என்று தோல்வி. அந்த ஓர் இரவு அவர்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஸ்டாஃபர்ட் வந்த பருவம் நன்றாகத் தொடங்கியது. நவம்பரில் எல்லாம் குலைந்தது. தொடர்ந்து மூன்று தோல்வி. மூன்றிலும் அவர் எறிந்த பந்து ஒன்றை எதிரணி பிடித்து, அப்படியே ஓடி டச்டவுன் ஆக்கியது. முதல் தோல்வி டென்னசி அணியிடம். தன் எல்லைக்குள்ளேயே பிடிபட்டு, கீழே சாய்ந்துகொண்டே பந்தை எறிந்தார். அது நேராக எதிராளி கையில் போய் விழுந்தது. அடுத்து அவர் எறிந்த பந்தும் பறிபோனது. பார்க்கச் சகிக்கவில்லை. ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்று பழைய குரல்கள் எல்லாம் திரும்பி வந்தன. அந்தப் பருவத்தில் அவர் 41 டச்டவுன் எறிந்தார். 17 முறை பந்தைப் பறிகொடுத்தார். பறிகொடுத்ததில் அந்த ஆண்டு அவரைத் தாண்டியவர் யாரும் இல்லை. இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். இவர் துணிந்து எறிகிறவர். கூட்டத்துக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தால் எறிந்துவிடுவார். சந்து மூடிக்கொள்ளும் நாட்களும் உண்டு. அந்தத் துணிச்சலுக்காகத்தான் ராம்ஸ் அவரை வாங்கியது. பந்து பறிபோவதும் அதே கையிலிருந்து வருவதுதான்.

பிளே-ஆஃபில் அரிசோனாவை வென்றார். அதுதான் முதல் வெற்றி. டாம்பாவில் கடைசி நொடிகளில் தன் அணியின் கூப்பர் கப் என்ற வீரருக்கு 44 கஜம் எறிந்து ஜெயித்துக் கொடுத்தார். அடுத்தது சான் பிரான்சிஸ்கோவுடன். நான்காம் கால்பகுதி, ராம்ஸ் பின்தங்கியிருக்கிறது. ஸ்டாஃபர்ட் உயரத் தூக்கி ஒரு பந்தை எறிந்தார், மிக மோசமான எறிதல். எதிரணியின் ஜகுவிஸ்கி டார்ட் அதன் கீழே தனியாக நிற்கிறார். இரு கையிலும் பட்ட பந்து நழுவிக் கீழே விழுந்தது. ராம்ஸ் 20-17 என்று ஜெயித்தது. அந்தப் பந்து டார்ட் கையில் நின்றிருந்தால், பெரிய போட்டிக்கு லாயக்கில்லாதவர் என்ற பேச்சே ஸ்டாஃபர்டுக்கு நிலைத்திருக்கும். அவர் அதே ஆள்தான், அதே கைதான். இன்னொருவர் விரல் இடுக்கில் அவருடைய பெயர் தொங்கியது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

2022 பிப்ரவரி 13, சூப்பர் பவுல். சின்சினாட்டி 20, ராம்ஸ் 16. ஆறு நிமிடம் சொச்சம்தான் மிச்சம். 79 கஜம் போக வேண்டும். முன்னணி வீரர் ஓடெல் பெக்கம் முழங்காலில் அடிபட்டு முன்பே வெளியேறிவிட்டார். மிச்சமிருக்கும் கூப்பர் கப்புக்குத்தான் பந்து போகும் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஸ்டாஃபர்ட் ஒரு காரியம் செய்தார். தலையையும் கண்ணையும் வேறு பக்கம் திருப்பி, அங்கேதான் எறியப்போகிறவர் போல நின்றார். பின்னால் காவல் நின்ற தடுப்பாளர் அந்தப் பார்வையை நம்பி நகர்ந்தார். தலையைத் திருப்பாமலே கை மட்டும் கப்பை நோக்கி எறிந்தது. 22 கஜம். அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்று கணக்கில்லை. எறிந்த பிறகும் அவர் கண் அந்தப் பக்கமே இருக்கிறது. சற்று நேரத்தில் கப்புக்கே ஒரு கஜ எறிதல், டச்டவுன். 23-20. அதே போட்டியில் ஸ்டாஃபர்ட் பந்தை இரண்டு முறை பறிகொடுத்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இத்தோடு வழக்கு முடிந்தது என்று பலர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு முடியவில்லை. காஃப் என்ன ஆனார்? டெட்ராய்ட்டில் முதல் ஆண்டு அவருக்குக் கிடைத்தது மூன்றே வெற்றி. பேரத்தில் தள்ளிவிடப்பட்ட சரக்கு என்றே பேசினார்கள். இன்னும் சரியான ஆளைத் தேட வேண்டும் என்றார்கள். அவர் அங்கேயே இருந்தார். அணி சுற்றிலும் கட்டியெழுப்பப்பட்டது: முன்னே நின்று காக்கும் நல்ல வரிசை, ஓடத் தெரிந்த ஆட்கள்.

2024 ஜனவரி 14, டெட்ராய்ட்டின் ஃபோர்ட் ஃபீல்ட். பிளே-ஆஃபில் லயன்ஸும் ராம்ஸும் மோதின. ஸ்டாஃபர்ட் 12 ஆண்டு ஆடிய அதே மைதானம், இப்போது எதிரணியாக. ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். எனக்கு அது வலித்தது. ஆனால் 32 ஆண்டாக ஒரு பிளே-ஆஃப் வெற்றிக்குக் காத்திருந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஸ்டாஃபர்ட் அன்று 367 கஜம் எறிந்தார். நன்றாகவே ஆடினார். காஃப் எறிந்த 27இல் 22 போய்ச் சேர்ந்தது. 24-23, லயன்ஸ் முன்னிலை, கடைசி இரண்டு நிமிடம். இன்னும் ஒரு பத்து கஜம் தாண்டினால் பந்து ராம்ஸ் கைக்குத் திரும்பாது. பந்தோடு ஓடி நேரத்தைக் கரைப்பதுதான் அந்த இடத்தில் வழக்கம். லயன்ஸ் காஃபை எறியச் சொன்னது. அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கு எறிந்தார், 11 கஜம். அரங்கம் முழுக்க அவர் பெயரைச் சொல்லி முழங்கியது: ஜாரெட் காஃப், ஜாரெட் காஃப்.

வணக்கம்.