மடையை அடைத்தால் களர் தீராது

நேயர்களுக்கு வணக்கம். நிலம் கெட்டுப்போகிறது என்றதும் பலருக்கு ராஜஸ்தான் மணல்மேடுதான் ஞாபகம் வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருச்சிக்குப் பக்கத்தில் மணிகண்டம் வட்டாரத்துக்குப் போங்கள். மழை விட்டு நாலு நாளாகியும் சில வயல்களில் தண்ணீர் கீழே இறங்காமல் கலங்கலாகவே நிற்கும். காய்ந்தால் மண் ஓடு தட்டிவிடும். மண்வெட்டி போட்டால் கை அதிரும். நட்ட பயிர் திட்டுத் திட்டாகக் கருகும். இதுதான் களர்.

உவர், களர் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். வைத்தியம் வேறு. உவர் என்றால் கரையும் உப்பு மிகுந்த மண்; நல்ல தண்ணீர் கட்டிக் கழுவி வடித்தால் சரிப்படுத்தலாம். களரில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீருக்கு அசையாது. சில இடங்களில் மண்ணே அப்படி. சில இடங்களில் சோடியம் மிகுந்த போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்கில் பாய்ச்சி நாமே வரவழைத்தது. இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். அதில் பாதிக்கு மேல் களர்தான்.

மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நான் முதல் தடவை செய்த கூத்தைக் கேளுங்கள். மூட்டை மூட்டையாக ஜிப்சம் இறைத்து, உழுது, தண்ணீர் கட்டி, 'காசு போட்டு வாங்கியது ஓடிவிடக் கூடாதே' என்று மடையை இறுக அடைத்துவிட்டேன். வெளியேற வேண்டிய சோடியம் வயலிலேயே தங்கிவிட்டது. அந்தப் போகம் போனது போனதுதான்.

வயலைச் சமன் செய்து, வடிகால் வெட்டிய பிறகுதான் ஜிப்சம் மூட்டையையே பிரிக்க வேண்டும். தண்ணீரை நிறுத்தி வடித்து, மறுபடி கட்டி, மறுபடி வடிக்க வேண்டும். எத்தனை மூட்டை என்பதை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பக்கத்து வயல்காரரைக் கேட்டு அல்ல.

அப்புறம் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிர், ஏக்கருக்கு 20 கிலோ விதை. களரைத் தாங்கி வளரும். பூக்கிற சமயம், 45 நாள் வாக்கில் மடக்கி உழுதுவிடுங்கள். அதன்மேல் திருச்சி 3 மாதிரி களர் தாங்கும் நெல் நடலாம்.

ஒரு சிக்கல் உண்டு. வடிகிற தண்ணீர் கீழ் வயலில் போய் விழுந்தால் பஞ்சாயத்துதான். மேல் வயலும் கீழ் வயலும் சேர்ந்து, ஓடை வரைக்கும் ஒரே வடிகாலாக வெட்டுவதுதான் வழி. கோடையில் வயல் காலியாகக் கிடக்கும்போதே கூடிப் பேசி வெட்டிவிடுங்கள். வணக்கம்.