62,335 பேர், ஒரு இரட்டைக்கால் டேக்கிள்: 2013 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிகள்

[திரையில்: வெம்ப்லி மைதானத்தின் வான்காட்சி. இரண்டு எண்கள்: 62,335 – 85,621]

இந்த இரண்டு எண்களும் இங்கிலாந்துக் கால்பந்து சங்கமான எஃப்.ஏ. நடத்தும் கோப்பையில், லண்டனின் வெம்ப்லி மைதானத்தில், ஒரே வார இறுதியில் பதிவானவை. 2013 ஏப்ரல் 13, சனிக்கிழமை விகன் – மில்வால் அரையிறுதிக்கு 62,335 பேர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செல்சி – மான்செஸ்டர் சிட்டி அரையிறுதிக்கு 85,621 பேர். இருக்கைகள் இரண்டு நாளும் 90,000தான். அந்த வாரம் தொடங்கிய சண்டை இங்கிலாந்து ரசிகர்களிடையே ஒவ்வொரு ஏப்ரலிலும் திரும்ப வருகிறது. "உங்களுக்கு ரசிகர்களே இல்லை" என்று ஒரு பக்கம், "உங்கள் ஆள் களத்தில் ஆடியது ஃபுட்பாலா?" என்று இன்னொரு பக்கம். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கூட்டம். ஒரு போட்டிக்கு "இத்தனை பேர் வந்தார்கள்" என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் மூன்று வேறு எண்கள் இருக்கலாம். ஒன்று, மைதானத்தின் கொள்ளளவு. இரண்டு, விற்ற அல்லது கொடுத்த டிக்கெட்டுகள். மூன்று, வாயிலில் உள்ள சுழல்கதவு வழியாக உண்மையில் உள்ளே போனவர்கள். பிரீமியர் லீக் ஆட்டங்களில் பெரும்பாலும் அறிவிக்கப்படுவது இரண்டாவது எண். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் அவர் வந்தவர்தான். அதனால் டிவியில் காலி இருக்கைகள் தெரியும்போதே திரையில் 'ஹவுஸ்ஃபுல்' எண் ஓடும். அறிவித்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அவர்கள் எதை எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

[திரையில்: வெம்ப்லியின் மூன்று அடுக்குகள். நடு அடுக்கு மட்டும் வண்ணத்தில்]

வெம்ப்லிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நடு அடுக்கில் சுமார் 17,000 இருக்கைகள் 'கிளப் வெம்ப்லி' எனப்படும் உயர்விலை இருக்கைகள். பல ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியவர்களுக்கு உரியவை, எந்த அணி ஆடினாலும் அவர்களுக்கே. தங்களுக்குச் சம்பந்தமில்லாத அணி ஆடும் நாளில் பலர் வருவதில்லை. வந்தவர்களிலும் பலர் இடைவேளை முடிந்து விருந்துக் கூடத்திலிருந்து மெதுவாகத்தான் திரும்புவார்கள். டிவி கேமராவுக்கு நேர் எதிரே தெரிவது இந்த அடுக்குதான். இரண்டாம் பாதி தொடங்கும்போது எடுத்த ஒரு படத்தை வைத்து "பாதி மைதானம் காலி" என்று பரப்பினால், அது ரசிகர்களின் பகுதியைப் பற்றி எதுவும் சொல்லாது.

90,000-இல் இந்த 17,000-ஐக் கழித்தால் 73,000. அதிலிருந்து இரு தரப்பு ரசிகர்களையும் பிரிப்பதற்காகக் காலியாக விடும் வரிசைகள், எஃப்.ஏ.வின் பங்கு எல்லாம் போக, ஒவ்வொரு கிளப்புக்கும் 30,000-க்குச் சற்று மேல் கிடைக்கும். விகனின் சொந்த மைதானத்தின் மொத்தக் கொள்ளளவே சுமார் 25,000. அந்த சீசனில் வீட்டு ஆட்டங்களுக்கு வந்த சராசரிக் கூட்டம் 20,000-க்கும் குறைவு. ஆக, தங்கள் மைதானத்தை நிரப்பி அதற்கு மேலும் ஆயிரக்கணக்கானோரை முன்னூறு கிலோமீட்டர் தாண்டி லண்டனுக்கு அனுப்பினால்தான் அந்தப் பங்கு தீரும். விற்காத டிக்கெட்டை எதிரணிக்குக் கொடுத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. ஒரு தரப்பின் பகுதியில் மறு தரப்பை உட்கார வைத்தால் பிரிப்புக் கோடே உடைந்துவிடும். அதனால் விற்காத பகுதிகள் அப்படியே காலியாகக் கிடந்தன. 62,335 என்பது கொள்ளளவில் 69 சதவீதம். விகன் அளவுள்ள ஊருக்கு அது அவமானமான எண் அல்ல என்பது என் கணிப்பு.

நேரத்தையும் பாருங்கள். ஆட்டம் சனிக்கிழமை மாலை 5.15-க்குத் தொடக்கம். சாதாரணமாக முடிந்தாலே மணி ஏழைத் தாண்டும். 1999-க்குப் பிறகு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்கு மறு ஆட்டம் கிடையாது; சமநிலை என்றால் அன்றே கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. அதையும் சேர்த்தால் எட்டு மணி ஆகிவிடும். அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக யூஸ்டன் ரயில் நிலையம் போய்ச் சேர வேண்டும். குழந்தைகளோடு வரும் குடும்பம் டிக்கெட் வாங்கும் முன் இதைத்தான் கணக்குப் போடும். டிவிக்கு வசதியான நேரத்தில் ஆட்டத்தை வைத்துவிட்டு, வராதவர்களைப் பக்தி இல்லாதவர்கள் என்பது நியாயமில்லை.

2022-இல் இது இன்னும் மோசமானது. ஏப்ரல் 16 அன்று லிவர்பூல் – மான்செஸ்டர் சிட்டி அரையிறுதி. இரண்டும் வடமேற்கு நகரங்கள், ஆட்டமோ லண்டனில். ஈஸ்டர் விடுமுறைப் பராமரிப்பு வேலைக்காக யூஸ்டன் வரும் ரயில் பாதை அந்த நாட்களில் மூடியிருந்தது. எஃப்.ஏ. 100 பேருந்துகளை இலவசமாக விட்டது. ஒரு பேருந்துக்கு 50 பேர் என்றால் 5,000 பேர். தேவையோ 60,000-க்கும் மேல். கார் இல்லாதவர்களில் பலர் வீட்டிலேயே இருந்தார்கள். பதிவான கூட்டம் 73,793. உலகத்திலேயே அதிகம் பேர் பின்தொடரும் கிளப்புகளில் இரண்டு மோதியும் வெம்ப்லி நிரம்பவில்லை.

[திரையில்: கருப்புப் பின்னணி. 1989 ஏப்ரல் 15]

கூட்டத்தை எண்ணுவது பெருமை பேசுவதற்காக மட்டுமல்ல. இதை மறக்கவே கூடாத அரையிறுதி ஒன்று உண்டு. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் – நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். நின்று பார்க்கும் பகுதிக்கு டிக்கெட் வாங்கிய 10,100 லிவர்பூல் ரசிகர்கள் நுழைவதற்கு இருந்தவை ஏழே சுழல்கதவுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கதவுக்கு 1,443 பேர். இன்று இங்கிலாந்து மைதானங்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி ஒரு கதவு வழியாக மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்று வரம்பு வைக்கிறது. அந்த வேகத்தில் எல்லோரும் உள்ளே போக இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். வெளியே நெரிசல் முற்றியதும் காவல்துறை 2.52-க்கு ஒரு வெளியேறும் வாயிலைத் திறக்கச் சொன்னது. உள்ளே போனவர்கள் நேரெதிரே தெரிந்த சுரங்க வழியில் நடந்தார்கள். அது ஏற்கனவே நிரம்பியிருந்த, வேலியால் பிரிக்கப்பட்ட நடு அடைப்புகளுக்குள் போய் முடிந்தது. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. ஆனால் அந்த முனை முழுவதற்கும்தான் எண்ணிக்கை இருந்ததே தவிர, ஒவ்வோர் அடைப்புக்கும் தனித்தனியாக எண்ணவில்லை. 97 பேர் இறந்தார்கள். ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணம் அல்ல என்று 2016-இல் விசாரணை ஜூரி தெளிவாகவே தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் 2022 அரையிறுதியில் அவர்களுக்கான மௌன அஞ்சலியைச் சில சிட்டி ரசிகர்கள் கத்திக் குலைத்தார்கள். ரெஃப்ரி அதைப் பாதியில் முடிக்க வேண்டியதாயிற்று. சிட்டி கிளப் மன்னிப்புக் கேட்டது. எந்தக் கிளப் பகையும் இதற்குச் சாக்காக முடியாது.

[திரையில்: பச்சைக் களம். ரெஃப்ரியின் பார்வைக் கோணத்தைக் காட்டும் வரைபடம்]

இப்போது வீரர்களின் நடத்தை. ஞாயிறு ஆட்டத்தில் நஸ்ரி, அகுவேரோ கோல் அடிக்க, செல்சிக்கு டெம்பா பா ஒன்று போட, சிட்டி 2-1 என வென்றது. கடைசிக் கட்டத்தில் தரையில் கிடந்த டேவிட் லூயிஸ் மீது அகுவேரோ இரண்டு கால்களாலும் பாய்ந்தார். ரெஃப்ரி கிறிஸ் ஃபாய் சிவப்பு அட்டை காட்டவில்லை. பிறகு எஃப்.ஏ.வும் நடவடிக்கை எடுக்கவில்லை. பணக்காரக் கிளப் என்பதால் தப்பவிட்டார்கள் என்று செல்சி ரசிகர்கள் கொதித்தார்கள்.

உண்மைக் காரணம் விதியில் இருக்கிறது. அப்போதிருந்த நடைமுறைப்படி, அதிகாரிகளில் ஒருவராவது இரு வீரர்களும் மோதியதைப் பார்த்திருந்தால், முழுதாகப் பார்க்காவிட்டாலும்கூட, ஆட்டம் முடிந்த பிறகு எஃப்.ஏ. ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. நான்கு வாரங்களுக்கு முன் இதே விதி ஒரு விகன் வீரரைக் காப்பாற்றியிருந்தது. மார்ச் 17 அன்று நியூகாசிலின் ஹைதாராவை முழங்காலில் மிதித்துத் தாக்கிய கேலம் மெக்மானமனுக்கு ஆட்டத்திலும் அட்டை இல்லை, பின்னரும் தண்டனை இல்லை. ஹைதாரா ஸ்ட்ரெச்சரில் போனார். மெக்மானமன் அரையிறுதியில் மில்வாலுக்கு எதிராக இரண்டாவது கோலை அடித்தார். விகனுக்கும் சிட்டிக்கும் ஒரே சலுகை கிடைத்தது. பணத்துக்கு இதில் வேலை இல்லை. விதி மோசமானது, அவ்வளவுதான். 2013-14 சீசனில் அதைத் திருத்தினார்கள். மோதலைப் பார்த்திருந்தாலும், அதற்குள் நடந்த குற்றத்தைத் தீர்மானிக்கவே முடியாத கோணத்தில் அதிகாரிகள் இருந்திருந்தால், பிறகு நடவடிக்கை எடுக்கலாம் என்றானது.

இப்படிப்பட்ட டேக்கிளை, அதாவது எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கப் பாய்வதை, பற்றி வாதாடும்போது பலர் "பந்தைத் தொட்டாரே" என்பார்கள். விதிப்புத்தகம் அதைக் கேட்கவில்லை. கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் ஆடினால் மஞ்சள். அளவுமீறிய பலமோ, எதிராளியின் உடலுக்கு ஆபத்தோ இருந்தால் சிவப்பு. பந்துக்காகப் போட்டியிடும்போது நடந்தால் அதற்குப் பெயர் கடும் ஃபவுல். பந்துக்குச் சம்பந்தமில்லாமல் அடித்தால் வன்முறை. இரண்டுக்குமே வழக்கமான தடை மூன்று ஆட்டங்கள்.

மெதுவாக ஓட்டிய வீடியோவை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. மெதுவாகப் பார்த்தால் எல்லாமே வேண்டுமென்று செய்தது போலத் தெரியும். 2018 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பைக்கு வந்த வீடியோ ரெஃப்ரி முறையிலேயே இதற்கு வழிமுறை உண்டு: கால் எங்கே பட்டது என்று பார்க்க மெதுவான ஓட்டம், எவ்வளவு வேகம், எவ்வளவு பலம் என்று பார்க்க இயல்பான வேகம். இன்று அகுவேரோவின் பாய்ச்சல் நேரடிச் சிவப்புக்கு உரியதா என்று ஆட்டத்தின் நடுவிலேயே சரிபார்த்திருப்பார்கள்.

[திரையில்: சிட்டியின் ஆட்ட அட்டவணை, ஏப்ரல் 17 முதல் மே 11 வரை]

"தடை விழுந்திருந்தால் இறுதிப் போட்டியில் அகுவேரோ இருந்திருக்க மாட்டார்" என்ற வாதத்தையும் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். மூன்று ஆட்டத் தடை லீக் ஆட்டங்களிலும் கழியும். அரையிறுதிக்குப் பின் சிட்டி ஏப்ரல் 17-இல் விகன், 21-இல் டாட்டன்ஹாம், 27-இல் வெஸ்ட் ஹாம், மே 4-இல் ஸ்வான்சி, 7-இல் வெஸ்ட் பிராம் அணிகளோடு ஆடியது. இறுதிப் போட்டி மே 11. இடையில் ஐந்து ஆட்டங்கள். விசாரணை சில நாள் தள்ளிப்போயிருந்தாலும் தடை முடிந்து அவர் வெம்ப்லியில் நின்றிருப்பார். தடை உடனே அமலாகியிருந்தால் லாபம் ஏப்ரல் 17-இல் சிட்டியைச் சந்தித்த விகனுக்குத்தான். தரவரிசையின் அடியில் தவித்துக்கொண்டிருந்த அந்த அணி அன்று 1-0 என்று தோற்றது. மே 11-இல் அதே சிட்டியை 1-0 என்று வென்று கோப்பையை எடுத்தது. மூன்று நாள் கழித்து பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கியது.