பதறாத காரியம் சிதறாது

செஸ் போட்டிப் பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, காலையிலிருந்து நடுவராக நின்றுகொண்டே இருக்கும் உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, பெற்றோர்களே, பரிசு வாங்கிய, வாங்காத பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். நூலகர் ஐயா பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தயவுசெய்து மேடைக்கு வர வேண்டும், அவரை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

புதிதாகச் செஸ் ஆடுகிறவர்களுக்கு மூன்று விஷயம்: நிதானம், எண்ட்கேம் என்கிற இறுதிக்கட்ட ஆட்டம், ஓப்பனிங் என்கிற தொடக்க ஆட்டம்.

முதலில் நிதானம். பதறாத காரியம் சிதறாது. காலையில் ஒரு பையன், எதிராளியின் குதிரை வெட்டுகிற கட்டத்தில் தன் ராணியை வைத்துவிட்டு, கையை எடுத்த பிறகுதான் பலகையையே பார்த்தான். எதிராளி ஆடியதும் கையை மடியில் வையுங்கள். அவர் உங்கள் ராஜாவுக்குச் செக் வைக்க முடியுமா, எதையாவது வெட்ட முடியுமா, எதை மிரட்டுகிறார்? நீங்கள் ஆடப்போகும் நகர்வுக்குப் பிறகும் இதே கேள்விதான். அதற்கப்புறம் காயைத் தொடுங்கள், தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம், அதுதான் கடைசி. ஆளுக்கு 6.5 புள்ளி. நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கு 18 வயது, கறுப்புக் காய். எதிரே அப்போதைய சாம்பியன் டிங் லிரென். பலகையில் ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு மந்திரி, குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். டிரா ஆகிவிடும், சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டங்கள், டைபிரேக்கர்தான் என்று பார்த்தவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். குகேஷ் விடவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங், யானைக்கு யானை மாற்றிக்கொள்ளலாம் என்று தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். வேறு நகர்வு ஆடப்போன குகேஷ், அப்போதுதான் டிங்கின் மந்திரி மூலையில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார், பிறகு அவரே இதைச் சொன்னார். யானையை வெட்டினார், தன் மந்திரியை டி5 கட்டத்துக்குக் கொண்டுவந்து அதையும் மாற்றிக்கொள்ள வைத்தார். மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான், அந்த நிலையில் கூடுதல் சிப்பாய் வைத்திருந்த குகேஷுக்கு வெற்றி. பதறாத காரியம் சிதறாது என்று இதைவிட எப்படிச் சொல்ல?

அந்த முடிவை வெல்லத் தெரிவதுதான் எண்ட்கேம். ராஜா, ஒரு சிப்பாய், எதிரே ராஜா மட்டும். இரண்டு ராஜாக்களும் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்க, நகர வேண்டிய முறை எதிராளிக்கு விழ வேண்டும். ஆப்போசிஷன் என்பது அதுதான். இந்த ஒன்றை வீட்டில் பலகை போட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள்.

ஆனால் யாரோடு ஆடுவது? போனில் ஒரு நிமிட ஆட்டம் ஆடி ஆடிப் பிள்ளைகளின் கை பழகுகிறது, கண் பழகுவதில்லை. ஆனந்த் சிறுவயதில் சென்னை சோவியத் கலாசார மையத்து டால் செஸ் கிளப்பில் பெரியவர்களோடு உட்கார்ந்து ஆடினார், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். நம் ஊரில் பிள்ளைகள் அப்படி உட்கார இடம் எங்கே? கிளை நூலகத்தில் சாயங்காலம் இரண்டு மேசை காலியாகத்தான் கிடக்கிறது.

ஓப்பனிங் பற்றிப் பேச நேரமில்லை, மன்னிக்கவும். தலைவர் அம்மா, நான்கு பலகையும் இரண்டு செஸ் கடிகாரமும் வாங்கித் தாருங்கள், சனி ஞாயிறு மாலை நானே வந்து உட்காருகிறேன். நூலகர் ஐயா சம்மதம் சொல்லிவிட்டார். மனு வாசலில் இருக்கிறது, பெற்றோர்கள் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.