நடைபாதை யாருடையது, சலான் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் நடைபாதைமேல் வண்டி நிறுத்துவதைத் தடுக்கப் புதுச்சட்டம் ஒன்றும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளில் அந்தத் தடை இருக்கிறது. முதல் தடவை 500 ரூபாய் அபராதம்; மறுபடி சிக்கினால் 1,500. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவுப்படி, தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துப்போகவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்த கூலியும் வண்டிக்காரர் தலையில்தான்.

பிறகு ஏன் பிளாட்பாரம் முழுக்க வண்டி? நடைபாதை மாநகராட்சியுடையது, சலான் போடுவது போக்குவரத்துக் காவலர். அவர் பார்வை சாலையில் ஓடும் வண்டிமேல்தான். நாலு வண்டி பிளாட்பாரத்தில் ஏறி நின்றால் சாலையில் அத்தனை இடம் மிச்சம். அவருக்கு அது ஒத்தாசையாகக்கூடப் படும்!

சேதமோ மாநகராட்சிக்கு. நடப்பதற்கென்று பதிக்கும் பேவர் கல் பெரும்பாலும் 60 மி.மீ. தடிமன். கார் ஏறும் இடத்துக்கு அடியில் கெட்டியான படுகை வேண்டும். அது இல்லாத கல்லின்மேல் கார் நின்றால் மணல் ஒரு பக்கம் அமுங்கி, மறுபக்கம் கல் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கி மணலை அரிக்கும். அடியில் மழைநீர் வடிகால் போகிற தெருவென்றால் வடிகால் மூடியும் விரிசல் விடும். கல்லை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே பழைய கதைதான்.

வண்டி எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். நடைபாதை விளிம்பில் பதித்த ஓரக்கல் 150 மி.மீ. உயரம் இருந்தால் ஸ்கூட்டர் சுலபத்தில் ஏறாது. கடை வாசலில் கொட்டிய சிமென்ட் சாய்தளம்தான் அதற்கு வழி. ஒரு சாய்தளத்தில் ஏறினால் தெருக்கோடி வரை பிளாட்பாரத்திலேயே போகலாம். ஆகவே, சாய்தளத்தை உடைக்காமல் அபராதம் மட்டும் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

தடுப்புத் தூண் நட்டால் போதுமே என்பார்கள். காருக்குப் போதும். சக்கர நாற்காலி தாராளமாகப் போக இரண்டு தூணுக்கு நடுவே 90 செ.மீ.யாவது வேண்டும், ஸ்கூட்டரின் கைப்பிடி அகலமோ ஏறத்தாழ 70 செ.மீ. நாற்காலி நுழைகிற இடத்தில் ஸ்கூட்டரும் நுழையும். இடைவெளியைக் குறுக்கினால் தடைபடுவது நாற்காலிக்காரர்தான். இருசக்கர வண்டிக்குத் தூண் மருந்தாகாது. ஆள் வந்து சலான் போட்டே ஆகவேண்டும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2024 ஜனவரி 29 முதல் இந்தத் தடை அமலில் இருக்கிறது. ஒரு சக்கரத்தின் ஒரு பகுதி நடைபாதையில் பட்டாலும் குற்றம். அபராதம் 100 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 50. அங்கே நடைபாதையைப் பராமரிக்கும் நகர மன்றமே அபராதச் சீட்டும் கொடுக்கிறது. நமக்கு இல்லாதது இதுதான். நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-இலேயே கொள்கை வகுத்த மாநகராட்சி, தன் பிளாட்பாரத்தில் நிற்கும் வண்டிக்குச் சலான் போடக் காவலரைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த அதிகாரம் மாநகராட்சிக்கு வரும்வரை புகார் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம்பர் பிளேட், ஓரக்கல், பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். ஓரக்கல் தெரியாத படத்தை வைத்து வண்டி நடைபாதையில் நின்றதென்று காட்ட முடியாது. வண்டியைப் பற்றிய புகார் போக்குவரத்துக் காவலுக்கு. சாய்தளம், உடைந்த கல், திறந்த மூடி எல்லாம் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள்; ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்.

நன்றி, வணக்கம்.